மூன்றாவது தடவை கூப்பிட்டபோது

எனக்கு வாய் நீளம். விழாக் குழுக் கூட்டத்தில் பதினோரு பேர் முன்னால் மேசையைத் தட்டி, "பன்னெண்டு நிமிஷம்னா பன்னெண்டு நிமிஷந்தான். எங்கப்பாவே எந்திரிச்சு வந்து பாடினாலும் மைக்கை நிறுத்திடுவேன்" என்று சொன்னது நான்தான். அப்பா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அதனால் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்களுடையது பூர்வகுடி மக்களின் கதை, பாட்டு, ஆட்டம் எல்லாம் ஒரே மேடையில், ஒரே நாளில் நடக்கும் விழா. அழைப்பிதழ் அடிக்கிற அச்சகத்துக்காரன் எங்கள் யார் தலையிலும் என்றைக்கும் இல்லாத இறகுத் தொப்பியை ஒரு கிழவர் தலையில் வைத்து வருடா வருடம் படம் போடுவான். வருடா வருடம் நானும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவேன். அது கிடக்கட்டும். போன வருடம் பேச வந்தவர்களும் கதை சொல்ல வந்தவர்களும் ஆளாளுக்கு இழுத்ததில், கடைசியாக மேடையேற வேண்டிய மேளக் குழுவுக்கு நேரமே இல்லாமல் போயிற்று. ஆறு மணி நேரம் பேருந்தில் வந்திருந்த ஒன்பது பெண்கள். ஐந்து மணிக்கு மண்டபக் காவலாளி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டான். ஆறு மணிக்கு அங்கே வேறு யாரோ வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேளக் குழுத் தலைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவள் கத்தவில்லை, அழவில்லை. "மேளத்தை ஊர் சுத்திக் காட்டவா அக்கா தூக்கிட்டு வந்தோம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எனவே இந்த வருடம் நேரம் பார்க்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பிழைப்பே அதுதான். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். ஓட்டுநர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'விசிலு' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. மேடைக்கு எதிரே மூன்று பல்பு மாட்டினேன். பச்சை எரிந்தால் ஆரம்பி, மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார், சிவப்பு எரிந்தால் மைக் போச்சு. யாராக இருந்தாலும் இதுதான்.

இப்போது பேர்ப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் பேர் பேர்ப்பாட்டில் சேரும்வரை யாரும் அதை வாயால் சொல்லக் கூடாது. படத்தைச் சுவரில் மாட்டக் கூடாது. பாட்டைக் காக்கிறவர் என்று ஒருவர் இருப்பார். எல்லா வீட்டாரும் கூடியிருக்கும் இடத்தில், மிகப் பழைய பேரில் தொடங்கிப் புதுப் பேர்வரை வரிசையாகப் பாடுவார். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டார் எழுந்து நின்று, "இங்கே இருக்கோம்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவார். மூன்றாவதற்கும் யாரும் எழவில்லையென்றால் அந்தப் பேர் பாட்டை விட்டே போய்விடும். திரும்பச் சேர்க்க வழி கிடையாது. இரக்கப்பட்டு வேறு வீட்டார் யாராவது எழுந்து பதில் சொன்னால் பேர் பாட்டில் நிற்கும். ஆனால் அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பேர். படம் அந்த வீட்டில்தான் தொங்கும். அந்த வீட்டார் வாயால் கேட்ட பிறகுதான் பெற்றவளே ஆனாலும் அந்தப் பேரைச் சொல்லலாம்.

என் தங்கை போய் நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் 'சின்னவ' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா அவள் படத்தைப் பீரோவில், துணிக்கு அடியில் குப்புற வைத்திருந்தாள். தினமும் காலையில் பீரோவைத் திறப்பாள், துணியின்மேல் கையை வைப்பாள், மூடிவிடுவாள். நான்கு வருடமாக இதை நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டைக் காக்கிறவர் வேறு யாரும் இல்லை, எங்கள் தாய்மாமாதான். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சின்னவளைக் குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஷிப்டு முடிந்து ஆட்களை ஏற்றி வந்த வேன் கவிழ்ந்தது. வேனில் வந்த ஏழு பேரில் போனது அவள் ஒருத்திதான். அதற்கப்புறம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வந்தாலும் செருப்பைக் கழற்றமாட்டார், வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். "இந்த வாயால போம்மான்னு அனுப்பி வச்சேன். இதே வாயால எப்படிக் கூப்பிடுவேன்?" என்று மூன்று வருடம் பாடவே மறுத்துவிட்டார். இந்த வருடம் அம்மா அவர் வேலை பார்க்கிற கட்டடத்துக்கே போனாள். லிஃப்ட் மேலே நின்றுவிட்டது, அவர் அதன் கூரைமேல் உட்கார்ந்து ஸ்பானரோடு மல்லாடிக்கொண்டிருந்தாராம். அம்மா கீழே நின்று, "டேய், எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. நான் அவ பேரைச் சொல்லாமயே போயிடணுமா?" என்று கத்தியிருக்கிறாள். அவர் இறங்கி வந்து சரி என்றுவிட்டார்.

எல்லா வீட்டாரும் ஒன்றுகூடுவது இப்போதெல்லாம் இந்த விழாவில் மட்டும்தான். அதனால் பேர்ப்பாட்டை நான்தான் மேடை நிகழ்ச்சியில் சேர்த்தேன். முதல் தடவை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. மாமா வேலை உடுப்போடு வந்து மேடையில் நின்றார். "ஆரம்பிங்க மாமா" என்றேன், கையில் ஸ்டாப்வாட்ச்.

"காலி நாற்காலியைப் பார்த்து யாரும்மா பேர் கூப்பிடுவாங்க? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா எத்தனை நிமிஷம்னு எனக்குக் கணக்கு வேணுமே."

வாயை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் தட்டி, மனசுக்குள்ளேயே முழுவதும் பாடினார். அறுபத்து மூன்று பேர். கடைசித் தட்டல் வந்தபோது அவர் கை கொஞ்சம் நின்று, பிறகுதான் விழுந்தது. ஒன்பது நிமிடம், பத்து வினாடி. அட்டவணையில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன். எவ்வளவு கச்சிதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பதில் சொல்ல ஆள் இல்லாத பாட்டுக்கு நேரம் குறித்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விழா நாள் ஆரம்பமே கோணல். தலைமை விருந்தினர் இருபத்தெட்டு நிமிடம் பேசினார். நான் கையைத் தூக்கினேன், பக்கத்தில் நின்ற விழாக் குழுத் தலைவர் என் கையைப் பிடித்து இறக்கினார். "அவர் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம் மண்டபம். பேசாம இரு." பேசாமல் இருந்தேன்.

பதினோரு மணிக்குத் தையல்கார அக்கா மேடையேறினாள். கடைவீதியில் ஜிப்பு மாற்றி, கிழிசல் தைத்துக் கொடுக்கிறவள். ஒண்டிக்கட்டை. அவள் வீட்டுக் கதை ஒன்று சொன்னாள். வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைத் தேடி ஒருத்தி ஆற்றில் இறங்கிப் போகிற கதை. மண்டபம் மூச்சுவிடவில்லை. கதையில் அவள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது என் சிவப்பு பல்பு எரிந்தது.

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா" என்று மேடையிலிருந்தே நிமிர்ந்து என்னிடம் கேட்டாள். "அவ ஆத்து நடுவுல நிக்கிறா."

நான் இருந்தது பின்னால், மாடியில், கண்ணாடி போட்ட ஒலி அறை. சவுண்டுக்காரர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். மைக் செத்தது. அவள் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். பிறகு இறங்கி முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரோ கைதட்டப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

மாமாவின் முறை வந்தபோது நாலு முப்பத்திரண்டு. அவர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தால் மேளக் குழுவுக்கு மேடை ஒழுங்குபடுத்த மூன்று நிமிடம், அடிக்கப் பன்னிரண்டு நிமிடம். நாலு ஐம்பத்தொன்பது. ஒரு நிமிடம்கூட உதிரி இல்லை. மாமாவுக்குத்தான் ஒன்பதே நிமிடம் ஆயிற்றே என்று நிம்மதியாக இருந்தேன்.

அம்மாவைக் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார வைத்திருந்தேன். முட்டிவலி, முன்னால் படி இறங்க முடியாது. காதும் மந்தம். ஆனால் அந்த இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் இருந்தது. "இதுக்குப் பக்கத்துல உக்காரும்மா, ஒரு வார்த்தை தப்பாது" என்று நானே நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். அம்மா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். படம் அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேர் வந்ததும் எடுத்து நிமிர்த்தப் போகிறாள்.

மாமா ஆரம்பித்தார். முதல் பேர். மண்டபத்தின் இடது பக்கம் ஒரு குடும்பம் எழுந்தது. நாற்காலிகள் மடங்கும் சத்தம், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொள்ளும் சத்தம், பிறகு, "இங்கே இருக்கோம்." அவர்கள் உட்காரும்வரை மாமா காத்திருந்தார். இரண்டாவது பேர். வலது பக்கம் மூவர் எழுந்தார்கள். காத்திருந்தார். ஆறாவது பேருக்கு யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். கழிவறையிலிருந்து ஒருவர் ஓடி வந்து, கையை உதறிக்கொண்டே, "இருக்கோம், இருக்கோம்!" என்றார். சிரிப்பு எழுந்தது. மாமாகூடச் சிரித்தார். நானூறு பேர் மண்டபம். ஒவ்வொரு பேருக்கும் ஆட்கள் எழுந்து, சொல்லி, உட்கார வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அட்டவணை எழுதும்போது மட்டும் தெரியாமல் போயிற்று.

அப்பா பேர் வந்தது. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்து மெல்ல மெல்ல எழுந்தாள். நான் கண்ணாடிக்குள்ளேயே எழுந்து, "இங்கே இருக்கோம்" என்றேன். சவுண்டுக்காரர் திடுக்கிட்டுப் போனார். அம்மா எழுந்து உட்கார்வதற்கே அரை நிமிடம் ஆயிற்று. ஸ்டாப்வாட்ச் பத்து நிமிடத்தைத் தாண்டியது. மஞ்சள்.

மாமா பல்பைப் பார்க்கவேயில்லை. அவர் கண் மூடியிருந்தது.

பன்னிரண்டு. சிவப்பு எரிந்தது. அறுபது பேர் முடிந்திருந்தது, இன்னும் மூன்று. அதில் கடைசி சின்னவள்.

"மேடம், உங்க மாமாதானே? ஒரு ரெண்டு நிமிஷம் விட்றட்டுமா?" என்று சவுண்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். நல்ல மனுஷன்.

நான் கீழே பார்த்தேன். மேடையின் ஓரத்தில் ஒன்பது பெண்கள் மேளத்தைத் தோளில் மாட்டித் தயாராக நின்றார்கள். வேன்காரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் தையல்கார அக்கா கழுத்தைத் திருப்பி, நேராக மாடிக் கண்ணாடியைப் பார்த்தாள். அவள் மட்டுமில்லை, இன்னும் நாலைந்து பேர் திரும்பினார்கள். ஊரான் வீட்டுக் கதையை நடு ஆற்றில் நிறுத்தியவள் தன் வீட்டுக்கு என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று பார்க்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது. என் ரோஷம் இருக்கிறதே, அது என்னைவிட ஒரு அடி முன்னால் நடக்கும்.

"நிறுத்துங்க" என்றேன்.

அவர் தயங்கினார்.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

மைக் செத்தது. அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே மாமாவின் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லையென்றால் கடைசி வரிசையில் அம்மாவுக்கு? மாமா கண்ணைத் திறக்காமலே பாடிக்கொண்டிருந்தார். ஆரம்பித்த பேர்ப்பாட்டை நடுவில் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. முன்னால் ஒரு குடும்பம் எழுந்து உட்கார்ந்தது. அறுபத்தொன்று. நடுவில் இருவர் எழுந்தார்கள். அறுபத்திரண்டு. அம்மா ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தாள், அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாமாவின் வாய் திறந்தது. அவர் கண்ணும் திறந்தது.

கண்ணாடிக்குள்ளிருந்து கத்தினால் கேட்காது, மைக்கைத் திரும்பப் போடச் சொல்லவும் தோன்றவில்லை, நான் ஓடினேன். ஒலி அறைக் கதவு, குறுகலான படி, இருபத்திரண்டு படி. பாதியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கீழ்க் கதவில் திரை கட்டியிருந்தார்கள், கை அதில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்து அறுத்துக்கொண்டு உள்ளே போய், வாயைத் திறக்கும் முன்னால், முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் கேட்டது.

"இங்கே இருக்கேன்."

தையல்கார அக்கா நின்றுகொண்டிருந்தாள். மண்டபம் முழுவதும் அவளையே பார்த்தது. மாமா மேடையில் கையைக் கூப்பி, அவளை நோக்கித் தலையைக் குனிந்தார். பேர்ப்பாட்டு முடிந்தது. மேளக் குழு விறுவிறுவென்று மேடையேறியது. வேன்காரி என்னைப் பார்த்து, நன்றி என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.

தையல்கார அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கவாட்டு நடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேளம் தொடங்கிச் சுவர் அதிர்ந்தது.

"யாரைக் கேட்டு எந்திரிச்சீங்க?" என்றேன். ஆமாம், அதைத்தான் கேட்டேன். என் வாய் அப்படி.

"யாரைக் கேக்கணும்?"

"எங்க வீட்டுப் பொண்ணு அவ. அம்மா உள்ள உசிரோட உக்காந்திருக்காங்க. நான் ஓடி வந்துட்டே இருந்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவள் என்னையே பார்த்தாள். நான் என்ன கேட்டேன் என்று என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன்.

"நான் பழி வாங்க எந்திரிச்சேன்னு நினைக்கிறியா?" என்றாள். "காலையில இருந்து உன்மேல எனக்குக் கோவந்தான், இல்லேன்னு சொல்லல. அந்தக் கோட்டு போட்ட ஆளு அரை மணி நேரம் அறுத்தான், அவனுக்கு உன் பல்பு எரியல, எனக்கு எரிஞ்சுது. கோவம் வராதா? உங்க மாமாவுக்கும் நிறுத்தறியான்னு பாக்கத்தான் திரும்பினேன். நிறுத்திட்ட. சரி, ஞாயமாத்தான் இருக்கான்னு நினைச்சேன். அப்புறம் அவரு உன் தங்கச்சியைக் கூப்பிட்டாரு. ஒரு தரம். ரெண்டாம் தரம் கூப்பிடும்போது குரலே வரல அந்த மனுஷனுக்கு. முதல் வரிசையில இருந்த எனக்கே பாதிதான் கேட்டுது. உங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவங்க ஸ்பீக்கரைத் தட்டிக்கிட்டிருக்காங்க. மூணாவது தரம் கூப்பிட்டாரு. அந்தப் பொண்ணு என் கடையில வந்து பாவாடைக்கு நாடா கோத்துக்கிட்டுப் போன பொண்ணு. அப்படியே விட்டுட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

நாற்காலி முதுகுகளைப் பிடித்துப் பிடித்து அம்மா வந்து சேர்ந்தாள். பின்னால் மாமா. வந்ததும் என்னைத்தான் கேட்டாள். "மிஷின் கெட்டுப் போச்சாடி? உன் மாமன் ஏன் பாதியில இறங்கிட்டான்? சின்னவ பேரு இன்னும் வரலியே."

மாமா சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கூப்பிட்டேன்க்கா. மூணு தரம் கூப்பிட்டேன்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. தையல்கார அக்காவிடம் திரும்பினாள்.

"பேரு நிக்குதா?"

"நிக்குதும்மா. நான் எந்திரிச்சுட்டேன்."

அம்மா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய படத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை. நான்கு வருடம் பீரோவில் கிடந்ததை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினாள். தையல்கார அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஒரு தடவை சொல்லும்மா" என்றாள் அம்மா. "என் காதுல ஒரு தடவை சொல்லு."

மேளம் உச்சத்தில் இருந்தது. தையல்கார அக்கா அம்மாவின் தலையைத் தன் பக்கம் சாய்த்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். நான் ஒரு எட்டு தள்ளி நின்றேன். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. அம்மா கண்ணை மூடினாள். அவள் உதடும் அதே மாதிரி அசைந்தது. நான்கு வருடத்துக்கு அப்புறம் தன் மகள் பேரைச் சொல்கிறாள், பக்கத்தில் நின்றும் எனக்குக் கேட்கவில்லை. மாமா முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினார்.

"ஞாயித்துக்கிழமை படத்தை மாட்டறேன். வாங்கம்மா" என்றாள் அவள்.

"நானும் வரலாமா அக்கா?" என்று கேட்டேன். பேருந்து நிலையத்தில் என்னைத் தெரிந்தவன் எவனாவது அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

அவள் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நிற்பதைக் கவனித்திருப்பாள்.

"வா. என் கதையில அவ இன்னும் ஆத்து நடுவுலதான் நிக்கிறா. முதல்ல அவளைக் கரை ஏத்தறேன், உக்காந்து முழுசாக் கேளு. அப்புறம் உன் தங்கச்சி பேரை உனக்குச் சொல்றேன்." என் கழுத்தைப் பார்த்தாள். "அதை மட்டும் வீட்டுல கழட்டி வச்சிட்டு வா."

உள்ளே கைதட்டல் கேட்டது. மேளம் நேரத்துக்கு முடிந்துவிட்டது. ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாமா பாடத் தொடங்கியபோது நான் அழுத்தியது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.